மூணாந்தொட்டி

கன்னியப்பன் கொல்லையில் அடுப்பு மூட்டினால் வடக்குத் தெருவில் முதலில் வடாம் உள்ளே போகும். அடுத்து கொடியில் காயும் துணி. அதற்கடுத்துக் குழந்தைகள். கடைசியில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். அவன் காய்ச்சியது சாராயமாக இருந்திருந்தால், மதுவிலக்குக் காலமானாலும் தெருவில் பாதி ஆண்பிள்ளைகளாவது அவன் கட்சியில் நின்றிருப்பார்கள். அந்தச் சந்தேகத்தில் ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து பானைக்குள் மூக்கை நீட்டினார். ஏழு தும்மல் தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதக் குடிக்கிறவன் எவனாச்சும் இருந்தா சொல்லு, அவனுக்கு மெடல் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

பானையில் இருந்தது முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து தகர டின்களில் நெல் லாரியின் மேல் ஏறி உத்திரமேரூர் வரும். கறுப்பு, கனம், கையில் பட்டால் தோல் உரியும். இதைக் காய்ச்சி இரும்புக்கும் சிமெண்டுக்கும் ஒரு சட்டை தைத்துவிடலாம் என்பது கன்னியப்பனின் எண்ணம். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவனுக்கு வரக்கூடாத எண்ணந்தான். ஆனால் அவன் வேலை பார்த்த இடம் அப்படி.

வந்தவாசி ரோட்டில் பஞ்சாட்சர முதலியாரின் ரைஸ் மில். அதில் கன்னியப்பன் பதினெட்டு வருஷமாக பிட்டர். புழுங்கலுக்கு நெல் ஊறவைக்க அங்கே ஆறு சிமெண்டுத் தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓர் இரும்புக் கதவு, உள்ளே இறங்கும் ஸ்டீம் பைப்பு. நெல் ஊறுகிற தண்ணீர் முதல் நாள் சாதுவாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் நுரைக்கும். மூன்றாம் நாள் புளித்து, நாற்றமெடுத்து, சிமெண்டைத் தின்னும். இரும்பைக் கடித்துத் துப்பும். துப்பிய துரு அரிசியில் ஏறும். வாலாஜாபாத் மண்டிக்காரர் ஒரு தடவை பத்து மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு, லாரிக்காரனிடம் சொல்லிவிட்டார்: "முதலியார் வூட்டு அரிசி வெத்தல பாக்கு போட்டுக்கினு வந்துகீதுன்னு சொல்லு."

முதலியார் சும்மா இருக்கவில்லை. தார் பூசினார், சோற்றில் ரோடு மணத்தது. பட்டணத்துக் கம்பெனியின் சிவப்புப் பெயிண்டு பூசினார். அது மூன்றே மாதத்தில் மீன் செதில்போலக் கழன்று, அரிசியோடு அரிசியாக ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

முந்திரி எண்ணெயை கன்னியப்பனுக்குக் காட்டிக் கொடுத்தது அவன் பெண்டாட்டி பாஞ்சாலியின் கை. பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். பதினேழு வயது வரை முந்திரிக்கொட்டை உடைத்தவள். ஒருநாள் அவள் களி உருண்டையைத் தட்டில் வைக்கும்போது அவன் அந்த விரல்களைப் பார்த்தான். நகக்கண்ணிலும் ரேகையிலும் கறுப்பு.

"இன்னாமே இது, இன்னும் போவலியா?"

"புளி போட்டுத் தேச்சாச்சு, செங்கல்லு போட்டுத் தேச்சாச்சு. இது போறதுன்னா என்கூடத்தான் போவும்."

அவன் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டிக்கொண்டு இருபது வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பாஞ்சாலிக்குக் கொஞ்சம் வெட்கம்கூட வந்தது. "இத இரும்பு மேல ஏத்த முடியுமா?" என்று கேட்டு அந்த வெட்கத்தையும் அவன் கெடுத்தான்.

பச்சை எண்ணெய் காயவில்லை. தடவி வைத்த தகட்டில் ஒரு கோழி ஒட்டிக்கொண்டது. கோழியைக் காப்பாற்ற முடிந்தது, இறகைக் காப்பாற்ற முடியவில்லை. காய்ச்சினால் கெட்டிப்பட்டது, ஆனால் வெயிலில் இளகியது. பிறகு மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர், குளம்புப் புண்ணுக்கு வைத்திருந்த பார்மலினில் ஒரு பாட்டில் கொடுத்தார். அதைச் சலவைச் சோடாவோடு சேர்த்து ஊற்றிய அன்று பானையிலிருந்தது அத்தனையும் கரண்டியோடு கல்லாயிற்று. "இறுகுதுன்னு தெரிஞ்சி போச்சி. எப்ப நிறுத்துறதுன்னுதான் தெரியணும்" என்று கன்னியப்பன் சந்தோஷப்பட்டான். கரண்டிக்காகப் பாஞ்சாலி இரண்டு நாள் பேசவில்லை.

எப்போது நிறுத்துவது என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். அதிரசத்துக்குப் பாகு பார்க்கிற மாதிரி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி இழுப்பாள். நூல் வந்து, அறுந்து, அறுந்த முனை சுருண்டால், "இறக்கு" என்பாள். அதற்கப்புறம் நான்கு எண்ணுவதற்குள் இறக்காவிட்டால் இன்னொரு கல். அடுப்பு அவனுடையது, பதம் அவளுடையது. பத்தொன்பதாம் காய்ச்சலில் வந்த சரக்கு தகட்டில் ஏறிக் காய்ந்து, ஊறல் தண்ணீரில் நான்கு மாதம் கிடந்து, எடுத்துச் சுத்தியால் தட்டினாலும் உரியாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

விஷமாக இருக்குமோ என்று முதலியார் பயந்தார். நியாயந்தான். கன்னியப்பன் ஒரு மண்பானைக்கு உள்ளே அந்தக் கறுப்பைப் பூசிக் காயவைத்து, மூன்று தடவை வெந்நீர் ஊற்றிக் கொட்டி, அதிலேயே நெல் ஊறப்போட்டுப் புழுக்கிக் குத்தி நாற்பது நாள் சாப்பிட்டான். களத்தில் நெல் காயவைக்கிற பெண்களுக்குத் தலைவி சிட்டம்மாள். அவள் தினமும் காலையில் வேலிக்கு வெளியே நின்று, "பாஞ்சாலி, உசுரோட கீறானா?" என்று கேட்டுவிட்டுத்தான் மில்லுக்குப் போவாள். நாற்பதாம் நாள் அவன் கொஞ்சம் பருத்திருந்தான்.

அந்த வருஷம் மார்கழியில், அறுவடைக்கு முன்னால், முதலியார் அவனைக் கணக்கு ரூமுக்குக் கூப்பிட்டார். நெற்றி நிறைய விபூதி. எதிர் நாற்காலியில் தேசிகன்: பெயிண்டு கம்பெனி ஏஜெண்டு, காஞ்சிபுரத்துக்காரர், மடியில் தோல் பை.

"உன் அடுப்பப் பத்தி தெருவுல எட்டு பேரு கையெழுத்துப் போட்டு மனு குடுத்துகிறாங்க கன்னியப்பா" என்றார் முதலியார். அவர் பஞ்சாயத்திலும் ஒரு மெம்பர்.

"எட்டு பேரா? எங்க தெருவுல கையெழுத்து போடத் தெரிஞ்சவங்க ஆறு பேருதான மொதலாளி."

"ரெண்டு கைநாட்டு."

"அப்ப சரி."

"இன்னா சரி? மூச்சு வுட முடியலன்றாங்க. நீ காய்ச்சறத நிறுத்திடு. ஆறு தொட்டிக்கும் ஐயரு கம்பெனியில புதுசா ஒரு சரக்கு வந்துகீதாம், அதையே அடிச்சிக்கலாம்."

தேசிகன் தொண்டையைச் செருமினார். "நான் தப்பாச் சொல்லலை. எங்க சரக்கு டப்பாவுல வர்றது. மேல லேபிள் இருக்கு, உள்ள கியாரண்டிச் சீட்டு இருக்கு. உம்ம சரக்குக்கு என்ன இருக்குங்காணும்?"

"நான் கீறன் சாமி" என்றான் கன்னியப்பன்.

வெளியே சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியை நிறுத்தினார்கள். அவன் வழக்கமாக இப்படிப் பேசுகிறவன் இல்லை. தன்னைத்தானே நாலு பேர் முன்னால் கிண்டல் பண்ணிக்கொண்டு நகர்ந்துவிடுகிற ஆள். அன்றைக்கு என்னவோ கால் நகரவில்லை.

"ஒரு தொட்டி குடுங்க மொதலாளி. ஆறுல எது ரொம்ப சீக்கு புடிச்சிகீதோ, அதக் குடுங்க. பங்குனி வரைக்கும் ஊறட்டும். உரிஞ்சிதுன்னா என் அடுப்ப என் கையாலயே ஒடைக்கிறேன். அப்புறம் எண்ணென்ற பேச்சே எடுக்கமாட்டேன்."

"உரியலன்னா?"

"ஆறு தொட்டியும் எனுது. அடுப்பும் இருக்கும். மனு குடுத்தவங்க மூக்குல பஞ்சு வச்சிக்கட்டும்."

முதலியார் தொட்டிகள் பக்கம் கையை நீட்டினார். "மூணாந்தொட்டி" என்றார்.

மூணாந்தொட்டி என்றால் சாக்குத் தைப்பவர்களுக்கே சிரிப்பு வரும். அதன் சுவரில் விரலை வைத்தால் விரல் மாவாகத் திரும்பும்.

கன்னியப்பன் ஒன்பது நாள் அதற்குள்ளேயே குடியிருந்தான். புளித்த சிமெண்டைச் சுரண்டி எறிந்தான். குழிகளைப் புதுச் சிமெண்டால் அடைத்தான். இரும்புக் கதவைக் கழற்றி, வெள்ளை பளபளப்பு வரும் வரை மணல்தாளும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்து, சோடா நீரில் கழுவினான். மார்கழிப் பனி சிமெண்டுக்குள் இறங்கும்; ஈரத்தின் மேல் பூசினால் எந்தக் கொம்பன் சரக்கும் நிற்காது. அதனால் நான்கு மூலையிலும் கரிச்சட்டி வைத்து, இரண்டு நாள் சுவரைச் சூடு காட்டினான். மூன்றாம் நாள் கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தான். "கொய்ந்தைய பாக்கற மாதிரி பாக்குறான்யா" என்றாள் மேலே நின்ற சிட்டம்மாள். குழந்தை பிறக்காத வீடு அது. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முறத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முதல் பூச்சு. அன்று காலை அவன் கொல்லையில் காய்ச்சிக்கொண்டிருந்தான். பதம் சொல்லிவிட்டு, தொட்டியில் நாய் எதுவும் இறங்காமல் பார்த்துக்கொள்ளப் பாஞ்சாலி மில்லுக்குப் போனாள். பிறகு இருவருமாகச் சுடச்சுட பூசினார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று பூச்சு. தை பிறந்தபோது மூணாந்தொட்டியின் உள்புறம் நாகப்பழம்போல மினுமினுத்தது. முதல் ஊறல் இறங்கியது. இரண்டாவதும்.

மூன்றாவது ஊறல் நெல்லை இறக்கிவிட்டுச் சிட்டம்மாள் உள்ளே இறங்கினாள், மூலையில் தங்கிய நெல்லை வாரிக் கூட்டுவதற்கு. கூட்டுகிற சத்தம் நின்றது.

"கன்னியப்பா" என்றாள் உள்ளிருந்தே. அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. "இங்க வந்து பாரு. உரிஞ்சிகீது."

அன்று முதலியாரும் இருந்தார், தேசிகனும் இருந்தார். கெட்ட சேதிக்குக் கூட்டம் சேர்க்க ஆள் அனுப்ப வேண்டியதில்லை. கன்னியப்பன் ஏணியில் இறங்கினான். கீழ்ச் சுவரில், இடுப்பு உயரத்தில், கறுப்பு உரிந்து சிமெண்டு தெரிந்தது. எதிர்ச் சுவரிலும். மற்ற இரண்டு சுவரிலும். இரும்புக் கதவிலும். அவன் கிட்டத்தில் போய்ப் பார்த்தான். மூன்று கோடு, ஒன்றன் கீழ் ஒன்றாக. நடுவில் ஒரு வட்டம். கோடுகள் வலப்பக்கம் சற்றே மேலே ஏறியிருந்தன.

அந்தச் சாய்வு அவன் வீட்டு நிலைப்படியில் இருந்தது. அரிசிப் பானையில் இருந்தது. அவன் சைக்கிள் மட்கார்டில் இருந்தது. உடம்பு சரியில்லாத நாளில் அவன் நெற்றியிலும் இருந்தது.

உலர்ந்த விபூதி சுவரில் நிற்காது, பாஞ்சாலி விளக்கெண்ணெயில் குழைத்திருப்பாள். அவன் பார்த்தால் கத்துவான் என்று கும்பிட்டுவிட்டுத் துடைத்திருப்பாள். விபூதி போய்விட்டது. எண்ணெய் எங்கே போகும்? ஒன்பது நாள் அவன் சுரண்டிக் கழுவிச் சூடு காட்டிய சுவரில் ஐந்து இடத்தில் மட்டும் எண்ணெய் உட்கார்ந்துகொண்டது.

மேலேயிருந்து முதலியார் எட்டிப் பார்த்தார். நெற்றியில் மூன்று கோடு, நடுவில் பொட்டு. கன்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் அது இடமில்லை. திருநீறு வைத்ததால் கெட்டது என்று இந்த நெற்றியைப் பார்த்துச் சொல்வதா? சொன்னால் சாமி குத்தம். அதோடு போகுமா? பொம்பளை தொட்டதால் விளங்காமல் போயிற்று என்பார்கள். அதுவும் எந்தப் பொம்பளை? பிள்ளையில்லாதவள். அடுத்த வார்த்தை அவனுக்கு மனப்பாடம். இருபது வருஷமாகத் தெருவில் கேட்டுக்கொண்டிருப்பது.

"இன்னாய்யா ஆச்சி?" என்றார் முதலியார்.

"பதம் கொஞ்சம் எளசா போச்சி மொதலாளி" என்றான். "என் தப்புதான்."

"சொன்ன சொல்லு?"

"சாயங்காலத்துக்குள்ள ஒடச்சிடறேன்."

வீட்டுக்கு வந்தபோது கூழும் கருவாட்டுக் குழம்பும் தயாராக இருந்தன. அவன் உட்காரவில்லை. நேரே கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தான். பாஞ்சாலி பின்னாலேயே வந்தாள்.

"இன்னாத்துக்குய்யா கடப்பாற?"

"உரிஞ்சி போச்சிமே. அடுப்ப ஒடைக்கணும்."

"எப்பிடி உரியும்?"

"பதம் எளசு."

 அவள் வந்து கடப்பாரைக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றாள்.

"பதம் பாத்தது யாரு?"

"வுடு பாஞ்சாலி. தள்ளு."

"யாரு பாத்தான்னு கேட்டேன். நீயா பாத்த? நான் பாத்தேன். நூலு அறுந்து சுருண்டுச்சி, எறக்குன்னேன், எறக்குன. மூணு காய்ச்சலும் அப்பிடியேதான். பத்து வயசுலர்ந்து இந்த எண்ணெயில வெந்த கைய்யா இது. எளசுன்னு ஊரு முன்னால சொல்லிட்டு வந்துகிற. எளசுன்னா என் கை பொய்யின்னு அர்த்தம்."

"உன் கைய யாரு சொன்னது."

"நீ சொன்ன. மில்லு பூரா கேட்டுகினு இருக்கசொல்ல சொன்ன. இன்னா ஆச்சின்னு நெசத்த சொல்லு. இல்லன்னா அடுப்போட சேத்து என்னையும் ஒடை."

கன்னியப்பன் கடப்பாரையைக் கீழே போட்டான். இந்த மாதிரி இடத்தில் ஒரு கிண்டல் அவனுக்குக் கைகொடுக்கும். அன்று அதுவும் வரவில்லை.

"வெரலு" என்றான். "உன் மூணு வெரலு பாஞ்சாலி. நாலு செவுரு, ஒரு கதவு."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். புரிய அதிக நேரம் ஆகவில்லை. அடுப்பின் மேல் உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சி நாளானதால் அதில் சூடு இல்லை, இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

"நல்லா நிக்கணும்னு தான்யா வச்சேன்."

"தெரியும்."

"தொடச்சிட்டேனே."

"எண்ண போவாது. உனக்கே தெரியுமே, எது போவும் எது போவாதுன்னு."

"அதனாலதான் எளசுன்னு சொன்னியா?"

 பாஞ்சாலி அழுவாள் என்று அவன் நினைத்தான். அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"கூழ மூடி வச்சிட்டு வா. மில்லுக்குப் போவலாம்."

"எதுக்கு?"

"அஞ்சு எடத்துல தான வச்சேன். அஞ்சு எடத்துலதான உரிஞ்சிகீது? மீதி எடமெல்லாம் இன்னா பண்ணிக்கினு கீதாம்? அத எவனாச்சும் பாத்தானா?"

 உரிந்ததைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், கன்னியப்பனையும் சேர்த்து. பதினெட்டு வருஷ பிட்டர்.

மில்லில் சாக்குக்காரர்கள் இன்னும் கலைந்திருக்கவில்லை. தேசிகன் ஆர்டர் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்துக்கொண்டிருந்தார். பாஞ்சாலி கணக்கு ரூம் வாசலில் போய் நின்றாள். அங்கே பெண்கள் வந்து நிற்பது வழக்கமில்லை.

"மொதலாளி, பதம் எளசு இல்ல. உங்க ஆளு பொய் சொல்லிட்டாரு. தொட்டிக்கு விபூதி வச்சது நானு. வெளக்கெண்ணெயில கொயச்சி வச்சேன். நாலு செவுரு, ஒரு கதவு, மொத்தம் அஞ்சு. அதுமேல பூசினதுதான் உரிஞ்சிகீது."

முதலியார் முகம் மாறியது. "திருநீறு வச்சதால கெட்டுதுன்றியா?"

கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். பாஞ்சாலி மூடவில்லை.

"திருநீறு இன்னா பண்ணும் மொதலாளி. நீங்க குளிச்சி தொடச்சி காய்ஞ்ச நெத்தியிலதான பூசறீங்க. எண்ண தேச்ச தலயோட பூசினா நெத்தியிலயே நிக்காது. நான் எண்ணெயில கொயச்சது தப்பு. என் தப்பு. சாமி தப்பும் இல்ல, சரக்கு தப்பும் இல்ல."

சாக்குக்காரர்களில் யாரோ "அதுவும் வாஸ்தவந்தான்" என்றான். முதலியார் திரும்பிப் பார்த்ததும் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தான்.

"வந்து பாருங்க" என்றாள் பாஞ்சாலி. "ஆறாவதா ஒரு எடம் உரிஞ்சிருந்தா கடப்பாரைய என் கையில குடுங்க. நானே ஒடைக்கிறேன்."

தேசிகன்தான் முதலில் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஏணியில் இறங்கினார். பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். கறுப்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார், பலகாரத் தட்டில் பர்பி போடுகிற மாதிரி. ஒரு துண்டை நெம்பிப் பார்த்தார். வரவில்லை. வேறோர் இடத்தில் கீறினார். வரவில்லை. கத்தி முனை வளைந்தது. கத்தியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கீழே நின்றுகொண்டே தலையை நிமிர்த்தி, "முதலியார்வாள், எனக்கு வேலை போனாலும் போகட்டும். இது ஒட்டலை, வேர் விட்டிருக்கு" என்றார்.

சிட்டம்மாள் லாந்தரை எடுத்துக்கொண்டு சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு போனாள். பகலிலும் தொட்டியின் மூலைகள் இருட்டுத்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணி ஐந்து வரை சொன்னாள். ஸ்டீம் பைப்பு இறங்குகிற மேல் மூலையில், பைப்புக்குப் பின்னால் கையை விட்டவள் நின்றாள்.

"ஆறு" என்றாள்.

 கன்னியப்பன் விழுந்தடித்து இறங்கி, பைப்புக்குப் பின்னால் தலையை நுழைத்தான். உள்ளங்கை அகலத்துக்கு உரிந்திருந்தது. மூன்று கோடுதான். ஆனால் சாய்வு இல்லை. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக, பட்டை பட்டையாக, ஒவ்வொன்றும் பாஞ்சாலியின் கோட்டைப்போல இரண்டு மடங்கு அகலம். முகர்ந்தான். விளக்கெண்ணெய் இல்லை.

"எஞ்சின் ஆயிலு" என்றான்.

"எனுது இல்ல" என்றாள் மேலேயிருந்து பாஞ்சாலி. "எனக்கு அந்த ஒசரம் எட்டாது. எஞ்சின் ரூமுக்குள்ள எங்கள வுடறதும் இல்ல."

எஞ்சின் ரூம் சாவி ஊரில் இரண்டு பேரிடந்தான் இருந்தது. ஒன்று கன்னியப்பன் அரைஞாணில். எல்லாரும் பக்கத்தில் இருந்த எதையாவது பார்த்தார்கள். தேசிகன் கத்தி முனையை நிமிர்த்துவதில் மும்முரமாக இருந்தார். முதலியார் மேல்துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். பிறகு நெற்றியைத் துடைக்கப் போய், பாதியில் கையை இறக்கினார்.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னு" என்றார். குரல் கணக்கு ரூம் குரல் இல்லை. "வெள்ளிக்கியம காலையில கோயிலுக்குப் போற வழியில வந்தேன். உன் பொஞ்சாதி நாய வெரட்டிக்கினு அந்தப் பக்கம் போயிருந்தா. நிக்கணும்னு எனக்கும் இருக்காதாய்யா? வாலாஜாபாத்துக்காரன் என்ன பேச்சு பேசறான்."

சிட்டம்மாள் லாந்தர் திரியை இறக்கினாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்; தோள் மட்டும் குலுங்கியது.

"அடுப்பு இருக்கட்டும்" என்றார் முதலியார். "பேஜார வுடு. பந்தயம் முடிஞ்சிது. ஆறு தொட்டியும் நீயே பண்ணு."

கன்னியப்பன் சரி என்று சொல்லப் போனான். பாஞ்சாலி முந்திக்கொண்டாள்.

"வாணாம் மொதலாளி. பந்தயம் பங்குனி வரைக்கும்தான பேச்சு. பங்குனி வரைக்கும் ஊறட்டும். நீங்க சாமி பேருக்கு பயந்து வுட்டுக்குடுத்தீங்கன்னு நாளைக்கு மனு குடுத்தவங்க சொல்லுவாங்க. எங்களுக்கு அது தேவையில்ல. இந்த ஆறு எடத்தையும் சுரண்டிட்டுத் திரும்பப் பூசறோம். மூணாந்தொட்டி நின்னுதுன்னா ஊரு முன்னால நின்னுதுன்னு சொல்லுங்க. உரிஞ்சிதுன்னா அடுப்ப ஒடைக்கிறோம்."

"ஏய்" என்றான் கன்னியப்பன் மெதுவாக.

"நீ சும்மா இரு. எளசுன்னு சொன்ன வாயி தான அது."

அவன் சும்மா இருந்தான். அதிலும் ஒரு சுகம் இருந்தது.

மறுநாள் தொட்டியை வடித்து, ஆறு இடத்தையும் சிமெண்டு வரை சுரண்டி, சோடாவில் கழுவி, கரிச்சட்டி வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குச் சுவர் காய்ந்தது. கொல்லையில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. பதம் வருவதற்கு இன்னும் நேரம் இருந்ததால் பாஞ்சாலி மில்லில் ஏணித் தலைப்பில் உட்கார்ந்திருந்தாள், மடியில் விளக்குமாறு. களத்தில் பெண்கள் நெல்லைக் கால்களால் துழாவிக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

முதலியார் வந்தார். கோயிலிலிருந்து நேராக வருகிறார் என்று தெரிந்தது. ஈர வேட்டி, புது விபூதி. சும்மா பார்க்க வந்தவர்போல முதல் தொட்டியைப் பார்த்தார், இரண்டாந்தொட்டியைப் பார்த்தார். மூணாந்தொட்டிக்கு வந்தபோது கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

அந்த மில்லில் சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கு ஊதினால், பெண்கள் ஒவ்வொருவராக மில் கேட்டில் நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும். ஒரு பிடி நெல் ஒளித்திருக்கிறதா என்று வாட்ச்மேன் பார்ப்பான். பாஞ்சாலி இங்கே கூலிக்கு வந்த வருஷங்களில் அவளும் காட்டியவள்தான். சிட்டம்மாள் இருபத்தாறு வருஷமாகக் காட்டுகிறாள்.

பாஞ்சாலி எழுந்தாள். விளக்குமாற்றை ஏணியின் குறுக்கே வைத்தாள்.

"கையக் காட்டுங்க மொதலாளி."

களத்தில் கால்கள் நின்றன. முதலியார் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் சூடாகக் காய்ந்து கிடந்த தொட்டியைப் பார்த்தார். வலது கையை முன்னால் கொண்டுவந்து விரித்தார். ஒன்றுமில்லை.

"அந்தக் கையும்" என்றாள்.